நெட்டையின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தவள்

1

இந்தக் கதையை என் தங்கை ஒரு கேள்வியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். ஊசி குத்திய விரல், மயக்கம், வயிற்றுவலி, இவைதான் அவளுடைய அன்றாடம். அங்கே எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. அப்பா வயதுள்ள வாட்ச்மேனுக்கும் சிஸ்டர், மேனேஜருக்கும் சிஸ்டர். கூடப் பிறந்த நான் மட்டும்தான் அவளை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறேன்.

அன்று சாயங்காலம் வந்தவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, நீ கதை எழுதுறவதானே?”

“ஏன், அதுல சந்தேகமா?”

“விளையாடாத. ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு போயிட்டா. தானா...” மீதியை விழுங்கிவிட்டாள். “அவகூட ஒரே ரூம்ல இருந்தவ ஒருத்தி இருக்கா. குருவி குருவின்னு கூப்பிடுவாங்க. அன்னையிலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்கிறா. எனக்கு அவளைப் பார்த்தா பயமா இருக்கு. அவகிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு சொல்லு. நீ எத்தனை கதை ஆரம்பிச்சிருக்க.”

நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, “கொஞ்சம் டைம் குடு, அவளே பேசுவா” என்றேன்.

நல்ல வாக்கியம். எந்தக் கதையில் போட்டாலும் பொருந்தும். தங்கை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “டைம்தான்க்கா இல்ல” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

2

அவளுக்கு ஆரம்பம் சொல்லத் தெரியாத நான், எனக்கான ஆரம்பங்களை எழுதிப் பார்த்தேன். இறந்தவளை ஹாஸ்டலில் நெட்டை என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஆரம்பம்: “மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த விடியலில், நெட்டை தன் கடைசி

[நிறுத்திவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. நல்ல வெயில், துணி காய்வதற்கு ஏற்ற வெயில் என்றாள் தங்கை. துக்கம் என்றால் மழையைக் கூப்பிட்டுவிடுகிறது என் கை.]

இன்னொரு ஆரம்பம்: “எல்லா வேதனைகளும் அவளைவிட்டு விலகியிருந்தன. அவள் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஓர் அமைதி”

[இதைத் தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். “நீ பார்த்தியா?” என்று கேட்டாள். “நான் பார்த்தேன். அமைதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதை எடு.” எடுத்துவிட்டேன்.]

மூன்றாவது ஆரம்பத்தைப் பத்திரிகை நடையில் எழுதினேன். ‘இளம்பெண் விபரீத முடிவு’ என்று தலைப்பு வந்து விழுந்தது. எத்தனை வருடமாக இந்தச் சொல்லைப் படித்துவருகிறேன்! முடிவு. அவள் ஏதோ உட்கார்ந்து யோசித்து, சாதக பாதகம் பார்த்து, தீர்மானம் போட்டதுபோல. தங்கை சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த வாரங்களில் நெட்டையால் எந்தச் சட்டையைப் போடுவது என்றுகூடத் தீர்மானிக்க முடியவில்லை. அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டேன்.

(ஒரு குறிப்பு. நெட்டை எப்படி இறந்தாள், எங்கே, எதைக் கொண்டு என்று இந்தக் கதையில் எந்தப் பக்கத்திலும் வராது. எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். இதைப் படிப்பவர்களில் யாரோ ஒருவர் இந்த நேரத்தில் நெட்டை நின்ற இடத்தில் நிற்கலாம். அவருக்கு வழி காட்டுவது என் வேலை அல்ல. அந்த ஒருவர் நீங்கள் என்றால், கதையை இங்கேயே மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள். உதவி எண் இருக்கும் ஊர் என்றால் அதைக் கூப்பிடுங்கள். கதை எங்கும் ஓடிவிடாது.)

3

நெட்டைக்குப் பதினெட்டு வயது. காலர் தைக்கும் வரிசையில் உட்காருவாள். ஹாஸ்டல் கொடியில் துணி காயப்போட மற்றவர்கள் ஸ்டூல் தேடும்போது இவள் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் போட்டுவிடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கரப்பான்பூச்சி என்றால் மட்டும் அவ்வளவு உயரமும் அலறிக்கொண்டு பெட்டிமேல் ஏறிவிடும்.

சூப்பர்வைசரைப் போல மூக்கால் பேசுவாள். “என்னம்மா, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீங்க? கையை ஆட்டுங்க, வாயை இல்ல.” ஒருநாள் அவரே பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, “என் குரல் இவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று கேட்டாராம். வரிசை முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கியதாம்.

[“அவள் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சோகம் ஒளிந்திருந்தது” என்று எழுதி அடித்திருக்கிறேன். சிரித்தபோது நிஜமாகத்தான் சிரித்தாள் என்று அவளோடு இருந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சிரிப்பு பொய்யாக இருந்திருந்தால் எங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சமாதானம் கிடைத்திருக்கும்.]

காரணம்? கதை என்றால் காரணம் வேண்டும். ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். காதல் தோல்வி என்றார்கள் ஆபீசில். வீட்டில் ஏதோ பிரச்சினை என்றார் ஹாஸ்டல் வார்டன். வேலைதான் எங்கள் பெண்ணை உறிஞ்சிவிட்டது என்றார்கள் வீட்டில். எல்லோரும் காரணத்தை அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் யாரும் கேட்காமலே முதலுதவி அறைக்கு வந்து, “முந்தின நாள் நான் திட்டினேன் சிஸ்டர். காலர் கோணலா இருந்துச்சு, அதுக்குத் திட்டினேன்” என்று சொல்லிவிட்டு, பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு அழுதாராம்.

நானும் ஒரு காதலனை உருவாக்கிப் பார்த்தேன். பைக் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் வளர்ந்தபிறகு, இவன் என் வசதிக்காக வந்தவன் என்று தெரிந்தது. அனுப்பிவிட்டேன். ஒரு காரணம் போதும் என்றால், அதே காரணம் வாய்த்த எத்தனையோ பேர் எப்படி உயிரோடு இருக்கிறார்கள்? களைப்பு, தூக்கமின்மை, பாதியில் விட்ட படிப்பு, வீட்டில் பேச முடியாத ஏதோ ஒன்று, ஒரு கோணல் காலர். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இதற்குமேல் எனக்குத் தெரியாது.

4

குருவி பட்டன் தைக்கும் மெஷினில் வேலை செய்தாள். பெயருக்கேற்ற உடம்பு. நெட்டை போனபிறகு அவள் முதலுதவி அறைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தாள். வந்தால் எப்போதும் விரல் காயம். மெஷினில் ஸ்வெட்டரின் கை மாட்டிக்கொண்டு இழுத்துவிடுகிறது என்று கூட வந்த பெண் சொன்னாள். நடுப்பகலில், இஸ்திரிப் பகுதியின் ஆவியெல்லாம் சேர்ந்து கூடமே வெந்துகொண்டிருக்கும்போது ஒரு நீல ஸ்வெட்டர். கழற்றச் சொல்லி சூப்பர்வைசர் கெஞ்சியும் கேட்கவில்லை.

மறுபடியும் விரலில் ரத்தத்தோடு வந்த ஒரு நாள், தங்கை கூட வந்த பெண்ணை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“கழட்டும்மா. கையைச் சரியாப் பார்க்கணும்.”

“வேண்டாம் சிஸ்டர். மடிச்சு விடறேன்.”

“யார் ஸ்வெட்டர் இது? உன்னை மாதிரி ரெண்டு குருவி உள்ள போகலாம் போல இருக்கே.”

அவள் சிரிக்கவில்லை. “அவளோடது.”

தங்கை பஞ்சை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நர்ஸிங் படிக்கும்போது வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நேராகக் கேட்க வேண்டும், கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடாது என்று. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் வாழ்க்கையில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

“உனக்கும் செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

[இங்கே நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். குருவி உடைந்து அழுது, என் தங்கையின் தோளில் சாய்ந்து, அடைத்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டுகிறாள். “அப்படியெல்லாம் நடக்கலக்கா” என்றாள் தங்கை. நடந்தது கீழே.]

குருவி விரலில் சுற்றிய துணியைப் பார்த்தாள். “ம்” என்றாள். பிறகு, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சிஸ்டர்?”

தண்ணீர் கொடுத்தாள். முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தோம். திடீர்னு இதைக் கழட்டி என் தலையில போட்டா. ‘இனிமே உனக்குத்தான்’னா. ‘உனக்குக் குளிராதா’ன்னு கேட்டேன். ‘எனக்கென்ன, நான் மேல இருக்கேன், வெயில் முதல்ல என்மேலதான் விழும்’னா. எனக்கு ஒரே சந்தோஷம் சிஸ்டர். போட்டுக்கிட்டு சுத்திச் சுத்திக் காட்டினேன். ஏன் குடுக்குறன்னு கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும்ல? கேட்டிருந்தா சொல்லியிருப்பால்ல?”

“என்கிட்டயும் வந்தா” என்றாள் தங்கை. “தூக்கமே வரல சிஸ்டர்னா. டீயைக் குறைச்சுக்கோன்னு சொல்லி அனுப்பினேன்.”

இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. குருவியிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.

“இன்னொன்னு இருக்கு சிஸ்டர்” என்றாள் குருவி. “அவ அம்மா பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தாங்கல்ல? எல்லாத்தையும் வெளிய எடுத்துப்போட்டுத் தேடினாங்க. ‘நீலக் கலர்ல ஒன்னு இருக்குமே, நான்தானே பின்னிக் குடுத்தேன்’னு கேட்டாங்க. நான் என் பாய்க்குள்ள சுருட்டி வெச்சிருந்தேன். பார்க்கலம்மான்னு சொல்லிட்டேன். எனக்குக் குடுக்க மனசு வரல. அவங்க பெட்டிக்கு அடியில எல்லாம் கையை விட்டுத் தேடினாங்க சிஸ்டர்.”

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு நல்ல டாக்டர் தேவைப்படுகிறார். கதையில் அவரை உடனே வரவழைத்துவிடலாம். நிஜத்தில் மனநல டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார், சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவர். உலகத்தில் இப்படிப் போகிற இளையவர்களில் பெரும்பகுதி ஏழை நாடுகளில்தான் இருக்கிறார்கள். அந்த நாடுகளில்தான் டாக்டர்கள் இப்படி அரிதாக இருக்கிறார்கள். இதைப் பற்றிய அறிக்கைகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் ‘பற்றாக்குறை’ என்ற சொல் வருகிறது. பற்றாக்குறை என்பது எப்படி இருக்கும் என்றால், சுவரோரம் போட்ட மரப் பெஞ்சில் இடம் கிடைக்காமல் இரண்டு பெண்கள் மாறி மாறி உட்கார்ந்து எழுந்திருப்பதுபோல இருக்கும்.

லீவு கேட்டபோது மேனேஜர், “பெரிசாக்காதீங்க சிஸ்டர்” என்றார். தங்கை தன் லீவைப் போட்டுக்கொண்டு, குருவிக்கு விரல் காயம் என்று எழுதிக்கொடுத்து, பஸ்ஸில் கூட்டிப்போனாள். டாக்டர் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். வெளியே வந்த குருவி, “என் பேரை ரெண்டு தடவை கேட்டாரு” என்றாள். ஞாபகமில்லாமலா, ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்று தங்கைக்குப் புரியவில்லை. “எப்பத் தோணுது, எந்த நேரத்துல ஜாஸ்தின்னு கேட்டாரு. யாரோ வயித்துவலியைப் பத்திக் கேக்குற மாதிரியே கேட்டாரு. அது நல்லா இருந்துச்சு.”

மாத்திரை கொடுத்தார். தனியாக விடாதீர்கள் என்றார். மறுபடி வரச் சொன்னார்.

ஹாஸ்டல் வார்டனிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. “இதையெல்லாம் பேசினா எல்லாத்துக்கும் அந்த நெனப்பு வந்துடும் சிஸ்டர். அமுக்கி வைக்கிறதுதான் நல்லது” என்றார் அவர்.

[வார்டனை முதலில் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். சாவிக்கொத்து, முறைப்பு, எல்லாம் வைத்து. அது சுலபம்.]

“அமுக்கி வெச்சதுக்கு அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?” என்று தங்கை கேட்டாள். வார்டன் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நெட்டையை முதலில் பார்த்தவர் அவர்தான். அவரிடமும் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அவரே முன்னால் நின்று செய்தார். ஹாஸ்டலில் எதையெல்லாம் பூட்டிவைக்க வேண்டும், எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும் என்று தங்கையும் அவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். என்னென்ன என்று எழுத மாட்டேன். பூட்டினார்கள். ஒரு பூட்டு ஒரு மனிதருக்குக் கொஞ்ச நேரத்தைக் கொடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் சாகத் தூண்டும் அலை இறங்கிவிடக்கூடும். நான் முதல் நாள் வெறும் வாயால் கொடுத்த ‘டைம்’ இப்படித்தான் கிடைக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குருவியின் அறையில் தூங்க எல்லோரும் பயந்தார்கள். பிறகு பட்டன் வரிசைப் பெண்கள் சிலர் தங்கள் பாய்களைக் கொண்டுவந்து அங்கேயே விரித்துக்கொண்டார்கள். குளிக்கப் போனாலும் ஒருத்தி வாசலில் நின்றாள். “என்னடி இது, மந்திரிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது” என்று குருவி எரிந்து விழுந்தாளாம். நெட்டை போனபிறகு அவள் தங்களிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது என்று அந்தப் பெண்கள் தங்கையிடம் ஓடிவந்து சொன்னார்கள்.

6

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதி அழித்தேன். நெட்டையின் அம்மாவோடு குருவி போனில் பேசியது. என் நான்கு வடிவங்களிலும் மன்னிப்பு, கண்ணீர், விம்மல் என்று எல்லாம் இருந்தது. கடைசியில் தங்கை பக்கத்தில் இருந்து கேட்டதை மட்டும் வைத்திருக்கிறேன்.]

“அம்மா, நான் குருவி பேசறேன். அந்த ஸ்வெட்டர் என்கிட்டதான் இருக்கு. அவதான் குடுத்தா. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்.”

எதிர்முனையில் அம்மா கேட்டார்:

“கை உனக்கு நீளமா இருக்குமே?”

“ஆமாம்மா.”

“உள்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சுத் தைச்சுக்கோ. மெஷின்ல மாட்டிக்கப்போகுது.”

“சரிம்மா.”

“உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

“இல்லம்மா.”

“என்கிட்டயும் சொல்லல” என்றார் அம்மா.

7

குருவி குணமாகிவந்தாள் என்று இங்கே ஒரு வரி எழுத ஆசைப்பட்டேன். அதற்குள் ஆபீஸ் அவளை வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டது. பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படியோ தெரிந்துவிட்டது.

“உடம்பு தேறி வரட்டும் சிஸ்டர். இங்க இன்னொன்னு ஆயிடக் கூடாதுல்ல?” என்றார் மேனேஜர்.

“வேற எங்கயாவது ஆனா பரவாயில்லையா சார்?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் அதே வயதில் மகள் இருக்கிறாள். ஆனாலும் உத்தரவு மாறவில்லை. காவல் நின்ற பெண்கள், பெஞ்சில் இடம் பிடித்து வாங்கிய டாக்டரின் அடுத்த தேதி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் போக வேண்டியிருந்தது.

கூட்டிப்போக அண்ணன் வந்திருந்தார். வயல்வேலையில் கறுத்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு முதலுதவி அறையில் உட்கார்ந்தார்.

“என் தங்கச்சிக்குப் பைத்தியமா சிஸ்டர்?”

“காய்ச்சல் வந்தவங்களை நாம ஏதாவது பேர் வெச்சா கூப்பிடுறோம்? அது மாதிரிதான். மாத்திரையை நிறுத்தக் கூடாது. உங்க பக்கத்து ஆஸ்பத்திரியில டாக்டர் என்னிக்கு வர்றாருன்னு கேட்டு வெச்சிருக்கேன்.” வீட்டில் எதையெல்லாம் எட்டாத இடத்தில் பூட்டிவைக்க வேண்டும் என்று சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். “அப்புறம், அப்பப்போ கேளுங்க. மூஞ்சியைப் பார்த்து, நேரா. சாகணும்னு தோணுதான்னு.”

அண்ணன் பதறிப்போனார். “நாங்க வீட்டுல இப்படியெல்லாம் பேசிக்கிறது இல்லையே சிஸ்டர்.”

“யார் வீட்டுலயும்தான் பேசிக்கிறதில்ல” என்றாள் தங்கை.

போகும்போது குருவி ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். கை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

தங்கை அவளை விடாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். “சாப்பிட்டியா”, “மாத்திரை போட்டியா”, “இன்னிக்கு எப்படி இருக்கு”. பதில் பெரும்பாலும் “ம்”. பிறகு ஒரு வாரம் போன் எடுக்கப்படவே இல்லை. அந்த வாரம்தான் நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வருடங்கள் கழித்து, வெள்ளைச் சீருடையில் ஒரு இளம் நர்ஸ் என் தங்கையைத் தேடி வருகிறாள். நிமிர்ந்து பார்த்தால்

[“சினிமா எடுக்கப்போறியா?” என்றாள் தங்கை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது அவளுக்கு.]

முடிவு ஆ:

[ஒரே ஒரு வரிதான் எழுதினேன். கிழித்துவிட்டேன். என்ன வரி என்று உங்களுக்குத் தெரியும்.]

முடிவு இ: அந்த எண் வேலை செய்யவில்லை. அவளைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியவரவில்லை. நாங்களும் மெல்ல மெல்ல

[இது நடக்கக்கூடியதுதான். தங்கை கவனித்துக்கொள்கிற எத்தனையோ பேர் இப்படித்தான் போனுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனாலேயே இதைப் பாதியில் விட்டேன்.]

நடந்தது இது. ஒரு மத்தியானம் அண்ணனே கூப்பிட்டார். போன் ரிப்பேராகிக் கிடந்ததாம். “சிஸ்டர், நாலஞ்சு நாளா அவ சரியில்ல. சாப்பாட்டுத் தட்டை முன்னால வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தா. நீங்க சொன்ன மாதிரி கேட்டேன்.” அங்கே ஒரு பெரிய மூச்சு. “கேட்டேன் சிஸ்டர். ஆமாண்ணான்னு சொல்லிட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. வேலைக்குப் போகல. பக்கத்துலயே உக்காந்துட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். மாத்திரையை மாத்தியிருக்காங்க.”

பிறகு அந்தப் பெரிய ஆள் குழந்தைபோலக் கேட்டார்: “நான் செஞ்சது சரிதானே சிஸ்டர்?”

“சரிதான்” என்றாள் தங்கை.

8

இதுவரை எழுதியதை நேற்றுக் காலை குருவிக்குப் போனில் படித்துக்காட்டினேன். அவளுடைய சம்மதம் இல்லாமல் அச்சுக்குப் போகாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தங்கையும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்திருந்தோம்.

குருவி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும், “ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்கீங்கக்கா” என்றாள்.

“எங்க?”

“நெட்டை ‘நான் மேல இருக்கேன்’னு சொல்லல. ‘நான் ஒசரமா இருக்கேன்’னுதான் சொன்னா. நீங்க வேணும்னே மாத்தியிருக்கீங்க.”

பிடித்துவிட்டாள். ‘மேல’ என்ற சொல்லில் எனக்கு ஒரு நடுக்கம் கிடைத்தது, அதற்காக மாற்றினேன். நெட்டை என்னவோ தன் உயரத்தை வைத்து ஜோக்குதான் அடித்திருக்கிறாள். (மேலே நான்காம் பகுதியில் அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். திருத்தம் குருவியுடையது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.)

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் சரிதான். அவ கரப்பான்பூச்சிக்குப் பயப்படுறது வந்துச்சுல்ல, அது நல்லா இருந்துச்சு. செத்ததை மட்டும்தான் எல்லாரும் பேசுறாங்க. அவ இருந்ததை யாரும் பேசுறதே இல்ல.”

தங்கை மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசியில என்னன்னு போடுவீங்க?” என்று குருவி கேட்டாள்.

“நீ சொல்லு.”

“நல்லாயிட்டான்னு போடாதீங்க. இன்னும் ஆகல. சில நாள் பரவாயில்லாம இருக்கு. சில நாள் காலையில எழுந்திரிக்கிறதே பெரிய மலை மாதிரி இருக்கு. நல்லாயிட்டான்னு போட்டா, என்னை மாதிரி இருக்கிறவங்க படிச்சிட்டு, நமக்கு மட்டும் ஏன் ஆகலன்னு நெனச்சுக்குவாங்க.”

“சரி.”

“ஒரு வரியைக் கிழிச்சுப் போட்டீங்களே, அதையும் போடாதீங்க.”

“போட மாட்டேன்.”

“அப்ப என்னதான் போடுவீங்க?”

நான் யோசித்தேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. என்ன சொல்லலாம் என்று தங்கையைப் பார்த்தேன். அதற்குள் போனில் ஏதோ உருளும் சத்தம், அதைத் தொடர்ந்து குருவியின் குரல், வேறு குரலில்:

“ஐயோ, அண்ணா! ஆடு அவுத்துக்கிட்டு ஓடுது! அந்தப் பக்கம் மறி, அந்தப் பக்கம்! இருங்கக்கா, வந்துடறேன்.”

போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடுகிறாள். செருப்புச் சத்தம். “ஏய், நில்லு! நில்லுன்னு சொல்றேன்ல, சனியனே!” அண்ணன் தூரத்தில் ஏதோ கத்துகிறார். ஏதோ ஒரு வாளி கவிழ்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமெல்லாம் எட்டப் போய்விட்டது. இப்போது காற்று மட்டும் கேட்கிறது, ஒரு கதவு லேசாக அடித்துக்கொள்வதும்.

வாசகரே, ஆடு பிடிபட்டதா என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து போனை எடுத்து என்ன சொன்னாள் என்பதையும் எழுதப்போவதில்லை. அது உங்களிடம் இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் முகம் இதைப் படிக்கும்போது உங்கள் நினைவுக்கு வந்திருந்தால், என் கதையை விடுங்கள், போய் அவரிடம் கேளுங்கள்.

நாங்கள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. தங்கை வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, போனுக்குமேல் குனிந்து, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும்